ஊசி நின்ற நேரங்கள்

தையல் கடைக்குப் பக்கத்துக் கிடங்கில் காவலுக்கு இருந்த முதியவர் தன் சீருடையைத் தைக்கக் கொடுத்திருந்தார். அவருக்குக் கை நடுங்கும். பட்டன் போட வராமல் கழுத்தைத் திறந்தபடியே விட்டுவிடுவார். அதற்காக மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். புதுச் சட்டை தயாரானபோது அதில் எல்லாச் சட்டையிலும் இருப்பதுபோலப் பட்டன் இருந்தது, பட்டன் நுழைகிற காஜாவும் இருந்தது. ஆனால் காஜாவெல்லாம் அடைத்துத் தைத்தவை. பட்டன்கள் அதன்மேல் அழகுக்கு உட்கார்ந்திருந்தன. அடியில், வெளியே தெரியாமல், அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன்கள்.

"இது புது மாதிரிங்க ஐயா. அமுக்கினா மூடிக்கும், இழுத்தாத் திறந்துக்கும். இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க," என்று சொல்லிக் கொடுத்தாள் கடையில் பட்டன் தைக்கிறவள்.

ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பெரியவர் அமுக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டே போனார். தன் நடுக்கத்தை ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. சட்டையை இஸ்திரி போட்ட கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை. வெகுநாள் கழித்து, அவள் அந்தக் கடையில் இல்லாத ஒரு மத்தியானத்தில், அவளுடைய அண்ணியிடம்தான் முதன்முதலாகச் சொன்னார்.

அந்தத் தையல் கடையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் 'பட்டன்'. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் புழங்கியது. அண்ணியும் அதே கடையில்தான் வேலை பார்த்தாள். சேலைக்கும் கால்சட்டைக்கும் ஓரம் மடித்துத் தைப்பாள். இருவரும் ஜன்னலோரத்தில் ஒரே பாயில் எதிரெதிராக உட்கார்வார்கள். காலையில் வெயில் அண்ணி மடியில் விழும். மத்தியானத்துக்குள் மெல்ல நகர்ந்து நாத்தனார் மடிக்குப் போய்விடும்.

"பாத்தீங்களா அண்ணி, வெயிலுக்குக்கூட என்னைத்தான் பிடிச்சிருக்கு."

"என்கிட்ட இருந்து போனதுதானே. எச்சில் வெயில். நீயே வெச்சுக்க."

மிஷின்கள் கடகடவென்று ஓடும். துணித் தூள் வெளிச்சத்தில் மிதக்கும். அந்த நேரத்தில்தான் சில நாள் பட்டனின் ஊசி அந்தரத்தில் நின்றுவிடும். கண் ஜன்னலைப் பார்த்துத் திறந்திருக்கும். உதடு சத்தமில்லாமல் அசையும். ஒருமுறை எச்சில் விழுங்குவாள். மறு கை மடியில் கிடக்கும் துணியின் ஓரத்தைத் தடவித் தடவிக் கொடுக்கும், தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல. பிறகு நீளமாக ஒரு மூச்சு வரும். ஊசி இறங்கும். விட்ட இடத்திலிருந்து தையல் தொடரும்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே வீட்டில் அதற்குப் பெயர் பிரார்த்தனை.

அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள். அவளே கேட்டபோது அப்படித்தான் சொன்னாள். முதலில் நனைந்த சாக்குக்கட்டி வாசனை வருமாம். அதன்பின் ஜன்னல் வெளிச்சம் பால் மாதிரிக் கெட்டியாகுமாம். வலது தோளுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பார்களாம். முன்பே தெரிந்தவர், எப்போதுமே தெரிந்தவர். பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். உலகத்தில் ஒரு குறையும் இல்லை என்று இருக்கும்.

"திரும்பிப் பாக்கணும்னு தோணாதா உனக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"தோணாது. பின்னாடி நிக்கறது அம்மான்னு தெரிஞ்சா யாராவது திரும்பிப் பாப்பாங்களா? அங்க போயிட்டு வந்தா இந்த மிஷின் சத்தம், கட்டிங் மாஸ்டர் மூக்கு, எல்லாமே அழகாத்தான் இருக்கு அண்ணி."

"மாஸ்டர் மூக்கே அழகாத் தெரிஞ்சா அது கடவுள் வேலைதான். சந்தேகமே இல்ல."

அண்ணி கேலி பேசினாளே தவிர, உள்ளுக்குள் கைகூப்பியிருந்தாள். அந்த நேரம் வந்தால் வீட்டில் அண்ணன் ரேடியோவைக் குறைப்பார். முதல் வகுப்புப் படிக்கும் மகள் நுனிக்காலால் நடப்பாள். கடையில் கட்டிங் மாஸ்டர் கத்தரியை மேஜைமேல் ஓசைப்படாமல் வைப்பார். அவள் திரும்பி வந்ததும் அண்ணி குனிந்து மெதுவாகக் கேட்பாள்: "எனக்காக ஒரு வார்த்தை சொன்னியா?" பட்டனும் தலையாட்டுவாள். எல்லாருக்காகவும் அங்கே பேசுகிற ஒருத்தி வீட்டிலேயே இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அண்ணிக்குத் தோன்றும்.

விழுவது வேறு. அது அவளுக்கு முப்பது வயது தாண்டியபின் வந்தது.

முதல்முறை கடையில்தான். பாயிலிருந்து எழுந்தவள் நின்ற இடத்திலேயே மரம்போலச் சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. ஒருவர் கையைப் பிடித்து அமுக்கினார், ஒருவர் முகத்தில் தண்ணீரை விசிறினார். பட்டன் கண் விழித்தபோது நாக்கு கடிபட்டு உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "யாரு சட்டைய நனைச்சது? டெலிவரி இன்னைக்கு," என்றாள்.

அடுத்து விழுந்தபோது இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் இருந்தது. முழங்கைக்குக் கீழே இலை வடிவத்தில் ஒரு தழும்பு நிலைத்துவிட்டது. கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அன்றிலிருந்து அவளை மிஷின் பக்கமோ இஸ்திரி பக்கமோ விடவில்லை. படியில் ஏற, சாலையைக் கடக்க, குளியலறைக்குப் போக என்று எதற்கும் ஒரு துணை வேண்டியிருந்தது. குளியலறைக் கதவைத் தாழ் போடக்கூடாது என்று அண்ணி உத்தரவு போட்டாள். வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பாள். உள்ளிருந்து பதில் வரத் தாமதித்தால் கதவைத் தள்ளித் தலையை நீட்டுவாள்.

முதலில் பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் பகலெல்லாம் தூக்கம் சொக்கியது. ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டனை முதுகுப் பக்கம் தைத்துவிட்டாள். விழுவதும் நிற்கவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வெள்ளையும் கறுப்புமாகப் படம் வந்தது. எல்லாம் நார்மல் என்றார்கள்.

"நார்மலா இருந்தா நான் ஏன் விழறேன்?" என்று கேட்டாள் பட்டன்.

அண்ணன் மின்சார வேலை பார்ப்பவர். அவருக்கு எல்லாமே ஒயர் கணக்குத்தான். "லைன்ல எங்கியோ லூஸ் கனெக்‌ஷன். நாம போய் மூடியைத் திறந்தாச் சரியா இருக்கும், திரும்பி வந்ததும் பல்பு மினுக்கும். நான் பாக்காத கேஸா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவதாகப் பார்த்தவர் இது மனசு சம்பந்தப்பட்டது, ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

"அப்ப மாப்பிள்ளையையும் சீட்டுலயே எழுதிக் குடுங்க டாக்டர், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள் அண்ணி. வழியெல்லாம் பட்டன் சிரித்து மாளவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. "அண்ணி, எனக்கு என்னதான்? பேரு தெரியாத ஒண்ணை எப்படி அண்ணி சுமக்கறது?"

அன்று ராத்திரி அண்ணி தன் பிரார்த்தனையில் அதையேதான் கேட்டாள். ஆண்டவனே, சரிசெய்யாவிட்டாலும் போகட்டும், இன்னதென்று காட்டிக்கொடு.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சு, மேலே உயரத்தில் கண்ணாடி ஜன்னல்கள். தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கும் சோதனைக்காகக் காத்திருந்தார்கள். மீட்டர் வைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று அண்ணன் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார். வெளிச்சம் மேலிருந்து சரிந்து, தரையில் நீள நீளத் துண்டுகளாகக் கிடந்தது. ஆட்கள் அதை மிதித்து மிதித்துப் போனார்கள். அண்ணிக்கே கண் சொக்கியது.

நர்ஸ் வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டார். பட்டன் அசையவில்லை. கண் உயரத்தில் இருந்தது. உதடு அசைந்தது. கை முந்தானை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"உங்களைத்தாம்மா! காது கேக்கல?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. அவ பிரார்த்தனையில இருக்கா," என்றாள் அண்ணி தணிந்த குரலில்.

நர்ஸுக்குப் பின்னால் அந்தப் பக்கமாக வந்த பெண் டாக்டர் நின்றார். குனிந்து பட்டனின் முகத்துக்கு நேராகப் பார்த்தார். பெயர் சொல்லி அழைத்தார். இடது கையைத் தூக்கச் சொன்னார். கண்முன் விரலை ஆட்டினார். ஒன்றுக்கும் அவள் அசையவில்லை. நீளமான மூச்சு வந்தது. பட்டன் திரும்பினாள். முன்னால் ஒரு முகத்தைக் கண்டு, "என் முறை வந்துடுச்சுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் அண்ணியைத் தனியே அழைத்தார். "இது அடிக்கடி வருமா?"

"வருங்க. சின்ன வயசுல இருந்தே."

"இதை ஏன் இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லல?"

"பிரார்த்தனை பண்றதைப் போய் யாராவது டாக்டர்கிட்ட சொல்வாங்களாம்மா?"

டாக்டர் சிரிக்கவில்லை. ஒயர் சோதனையும் முடிந்தபின், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். மூளையில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பொறி கிளம்புகிறது. அது அங்கேயே அடங்கினால் இப்படி நின்றுபோகும் நேரம். தலை முழுக்கப் பரவினால் விழுவது. இரண்டும் வேறு வேறு இல்லை, ஒன்றின் தொடக்கம்தான் மற்றது. எதனால் அந்த மூலையில் கிளம்புகிறது என்பது தெரியவில்லை, தெரியாமலே போகலாம். ஆனால் எங்கே கிளம்புகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. அதற்கென்று வேறு மாத்திரை இருக்கிறது.

அண்ணி டாக்டரின் கையை விடவில்லை. "அப்ப அவகிட்ட வர்றது... கடவுள் இல்லையாம்மா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. அதைச் சொல்ற படிப்பு நான் படிக்கல. அவங்க விழக்கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மாத்திரை வந்தது. கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும், நடுவில் விடக்கூடாது. பட்டன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதைப் போட்டா அதுவும் நின்னுடுமா அண்ணி?"

"ரெண்டும் ஒண்ணுதானாம்."

"நான் விழறதை நிறுத்தச் சொல்லித்தான் போனேன். அதை நிறுத்தச் சொல்லிப் போகலையே," என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது.

வேளாவேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாள் அண்ணி. பட்டன் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் ஊசி நின்றது. ஆனாலும் ஒருநாள் சமையலறையில் விழுந்தாள். இந்த மாத்திரையும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அண்ணன் முகம் வாடினார். பழையபடி வீடு அவளுக்காக ரேடியோவைக் குறைத்தது, நுனிக்காலால் நடந்தது. இது நோய் என்று சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் யாரையும் விடவில்லை. இருபது முப்பது வருஷத்துப் பக்தியை ஒரு டாக்டர் சொல்லிற்காக எப்படி இறக்கி வைப்பது?

பள்ளிக்கூடம் விட்ட ஒரு சாயங்காலம் அது நடந்தது. மகளை அழைத்துக்கொண்டு அண்ணியும் பட்டனும் வந்தார்கள். நூல் கடையில் அண்ணிக்கு ஒரு நிறம் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. "ஓரமா நில்லுங்க, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நூல்கண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வாசலுக்கு வந்தவள் தலை நிமிர்ந்தாள்.

இருவரும் சாலையின் நடுவில் நின்றிருந்தார்கள்.

பட்டனின் கண் எதிர்மாடிக் கண்ணாடியில் பட்ட வெயிலில் இருந்தது. உதடு அசைந்தது. ஒரு கையில் குழந்தையின் கை. குழந்தை ஓடவில்லை, அழவில்லை, அத்தையை இழுக்கவில்லை. வீட்டில் கற்றபடி சத்தமில்லாமல் நின்றது. ஒரு லாரி கிறீச்சென்று தேய்த்துக்கொண்டு வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று, ஹாரனை அலறவிட்டது. குழந்தை அதை நிமிர்ந்து பார்த்தது. ஒற்றை விரலைத் தன் உதட்டில் வைத்தது.

"ஷ்ஷ்..."

அண்ணிக்கு உயிர் போய் உயிர் வந்தது. எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. இறங்கித் திட்ட வாயெடுத்த டிரைவர், அந்த விரலைப் பார்த்துவிட்டுக் குழம்பி நின்றார்.

"ஏம்மா, பொழுது போகலைன்னா வீட்ல இருந்து தொலைய வேண்டியதுதானே? நடு ரோட்டுல என்ன?"

"அத்தை சாமிகிட்ட பேசறாங்க," என்றது குழந்தை.

"இன்னும் ஒரு சாண் வந்திருந்தா ரெண்டு பேருமே நேர்ல போய்ப் பேசியிருக்கலாம்!" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார் அவர்.

ஓரத்துக்கு வந்தபின்தான் பட்டனுக்கு நீளமான மூச்சு வந்தது. "என்ன அண்ணி? ஏன் அழறீங்க?"

குழந்தைதான் பெருமையாகச் சொன்னது. "லாரி ரொம்ப சத்தம் போட்டுச்சு அத்தை. உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான்தான் அடக்கினேன்."

பட்டன் லாரி நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். தாரில் கறுப்பாக இரண்டு கோடுகள். தன் கையிலிருந்த சின்னக் கையைப் பார்த்தாள். அதை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, வீடுவரை பின்னாலேயே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் வெள்ளைப் பட்டன் டப்பாவை எடுத்து வந்து, அண்ணியின் முன்னால் தரையில் கவிழ்த்தாள். சட்டைப் பட்டன்கள் சிதறின. அவற்றுக்கு நடுவே அதே வெள்ளையில், அதே வட்டத்தில், அத்தனை நாள் மாத்திரைகளும் கிடந்தன.

"ஓட்டை இல்லாததெல்லாம் மாத்திரை," என்றாள் பட்டன்.

அண்ணிக்கு அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். பொறுக்கப் பொறுக்க அண்ணி விசும்பினாள், பட்டன் விசும்பவில்லை. பொறுக்கி முடித்தபின், "அவர் எனக்கு எவ்வளவு வேணா பிரியமானவரா இருக்கட்டும் அண்ணி," என்றாள். "குழந்தை கையைப் பிடிச்சிருக்கும்போது கூப்பிடறவர் கடவுளா இருக்க மாட்டாரு. அது வேற யாரோ, வேற எதுவோ. எனக்குத் தெரியல. புது மாத்திரை குடுங்க."

டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னார்கள். அவர் கடிந்துகொள்ளாமல் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை மாத்திரை உள்ளே போனது. தொடக்கத்தில் தலை சுற்றியது, எழுத்து இரண்டாகத் தெரிந்தது. அளவை மாற்றினார்கள். ஊசி நிற்பது குறைந்தது. பிறகு ஊசி நிற்கவே இல்லை. விழுவதும் நின்றது. குளியலறைக் கதவுக்குத் தாழ் திரும்ப வந்தது. காரணத்தை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது இன்றுவரை தெரியாது.

அந்த மாதங்களில் அண்ணி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் வழக்கம்போல மத்தியானம் அவள் மடிக்கு வரும். பட்டன் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பாள், கொஞ்சம் காத்திருப்பாள். ஜன்னல் ஜன்னலாகவே இருக்கும். குனிந்து தைப்பாள். வீட்டை விட்டு ஒருவர் நிரந்தரமாகப் போய்விட்டதுபோல அவள் முகம் இருந்தது. கட்டிங் மாஸ்டர் ஒருநாள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"மூக்கு மாதிரி இருக்கு மாஸ்டர்," என்றாள். கடையே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

அதன்பின் அவள் மிஷின் கற்றாள். தனியாகப் பஸ் ஏறினாள். முதல்முறை போனபோது அண்ணி அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போய், மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஏச்சு வாங்கினாள். சில வருஷத்தில் வேறு ஊரில் ஒரு சட்டைக் கம்பெனியில், காஜா மிஷின்களை மேற்பார்வை பார்க்கும் வேலை கிடைத்தது. தனக்கென்று ஓர் அறை எடுத்தாள். கட்டில், மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்குத் திரை போடவில்லை. தினமும் விடிந்ததும் அதன்முன் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள் என்று பக்கத்து அறைக்காரி பிறகு சொன்னாள்.

மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று, பழைய நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று, அவளைச் சில நாளில் கொண்டுபோனது. அதற்கு முந்தைய கோடையில்தான் அண்ணி அவளைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பும்போது பட்டன்தான் பஸ் நிலையம்வரை வந்தாள். பையைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு சாலைகளைக் கடக்கும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணி, வருஷக்கணக்காகக் கேட்கத் துணியாததைக் குனிந்து கேட்டாள்.

"ஏய் பட்டன். அது போனதுல உனக்கு என்மேல கோபம் இருக்கா?"

பட்டன் ஜன்னல் கம்பியில் கையை வைத்து, நூலைப் பல்லால் கடிக்கும்போது யோசிப்பாளே, அப்படி யோசித்தாள்.

"கோபம் இல்ல அண்ணி. ஏக்கம் இருந்துச்சு. முன்ன அவரே வருவாரு, நான் சும்மா உக்காந்திருந்தாப் போதும். இப்ப நான்தான் தினமும் தேடிப் போறேன். பாதி நாள் வீட்ல ஆள் இருக்கற மாதிரியே தெரியறதில்ல. ஆனாலும் போறேன். போயிட்டு, எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டே திரும்பி வர்றேன். அதையும் அவர்தானே குடுத்தாரு? சரி, ஜன்னலை இழுத்து மூடிக்குங்க, தூசி அடிக்கும்."